அன்ரனிப்பிள்ளை போட்ட வாய்ப்பூட்டு

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்த அன்ரனிப்பிள்ளை, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, தண்ணீர் ஒரு மிடறு குடிப்பதற்கும் முன்பே, மனைவி எமிலியாவின் முன்னிலையில் ஒரு சபதம் செய்தார்.

"இண்டையில இருந்து இந்த வாய் கோயில்ல திறக்காது!"

எமிலியா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடத் திறக்குமா?"

"எமிலி, இது பகிடி இல்லை."

"நானும் பகிடிக்குக் கேக்கேல்ல. திரளி மீன் குழம்பு. சூட்டோட சாப்பிட்டாத்தான் நல்லம்."

அன்ரனிப்பிள்ளை சாப்பிட்டார். ஆனால் கோபமாகச் சாப்பிட்டார். மூன்று தரம் சோறு கேட்டு வாங்கி, மூன்று தரமும் கோபமாகவே சாப்பிட்டார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கண்டக்குழி அந்தோனியார் கோயிலில் இருபத்திரண்டு வருடங்களாகப் பாட்டை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கோயிலுக்கு வாத்தியப் பெட்டி கிடையாது. சுவாமியார் செபத்தை முடித்ததும் ஒரு கணம் அமைதி வரும். அந்த அமைதிக்குள் அன்ரனிப்பிள்ளையின் குரல் எழும்பும். எழும்பும் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது வெடிக்கும்.

அது கரைவலையில் வளர்ந்த குரல். கரைவலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்து இருபது பேர் இழுப்பார்கள். ஒருவர் அம்பா என்கிற இழுவைப் பாட்டின் வரியைக் கூவி எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் "ஏலேலோ" என்று ஒரே மூச்சில் பதில் பாடிக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். பதில் விழுந்த கையோடு அடுத்த வரி வராவிட்டால் கயிறு தொய்யும். கயிறு தொய்ந்தால் வலைக்குள் வந்த மீன் வந்த வழியே போய்விடும். ஆகவே அம்பா எடுப்பவனுக்கு அலையையும் காற்றையும் தாண்டி, தூரத்தில் மற்றக் கயிற்றைப் பிடித்து நிற்பவனுக்கும் கேட்கிற தொண்டை வேண்டும். அன்ரனிப்பிள்ளைக்கு அது இருந்தது. வாரத்தில் ஆறு நாள் கடற்கரையில் பாவித்த அதே தொண்டையை, அதே அளவில், ஏழாம் நாள் கோயிலிலும் பாவித்தார். அதுதான் கஷ்டம்.

அவர் எடுத்த உயரத்தில் ஊர் தொடர வேண்டும். இரண்டாவது வரியில் வயதான பெண்கள் நிறுத்திவிடுவார்கள். சரணத்துக்குப் போகும்போது ஆண்களும் உதட்டை மட்டும் அசைப்பார்கள். கடைசியில் அன்ரனிப்பிள்ளையும் கடவுளும் மட்டும் மிஞ்சுவார்கள். கடவுளுக்கு எழும்பிப் போக வேறு இடம் இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து சிஸ்டர் யுஸ்தீனா வந்து சேர்ந்தார். யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களில் சிலர் தையல் மெசினைக் கொண்டுவந்தார்கள், சிலர் ஆட்டைக் கொண்டுவந்தார்கள். சிஸ்டர் ஒரு ஆர்மோனியப் பெட்டியைக் கொண்டுவந்தார். வந்த இரண்டாம் மாதமே ஊருக்கொரு பாடகர் குழு தொடங்கினார். இருபத்தாறு பெண்கள் சேர்ந்தார்கள். பட்டியலில் முதற்பெயர் எமிலியா.

அந்த ஞாயிறுதான் குழுவுக்கு முதல் நாள். சிஸ்டர் பெட்டியில் விரலை வைத்துச் சுருதி கொடுத்தார். குழு வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அன்ரனிப்பிள்ளை தன் வழக்கப்படி வெடித்துவிட்டார். சிஸ்டர் பாவம், அவரைப் பிடிக்கப் பார்த்தார். விரல் வலப்பக்கம் போனது. இன்னும் போனது. பெட்டியின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது.

"அன்ரனி அண்ணை," என்றார் சிஸ்டர், ஊர் முழுக்கக் கேட்க. "உங்கட சுருதிக்கு என்ர பெட்டியில கட்டை இல்லை. பெட்டி முடிஞ்சுது. நாங்க முதல்ல தொடங்குறம். நீங்க பின்னால வந்து சேருங்க."

ஊர் சிரித்தது. அவருடைய கரைவலையிலேயே கயிறு பிடிக்கிற சவிரிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுவாமியார் பூசைப் புத்தகத்தால் முகத்தை மறைத்தார், புத்தகம் குலுங்கியது.

"பின்னால வரட்டாம்!" நாலாவது தரம் சோறு கேட்கலாமா என்று யோசித்தபடி அன்ரனிப்பிள்ளை கொதித்தார். "என்னை! அம்பாவுக்குப் பின்னால வாறது ஏலேலோ. நான் என்ன, ஏலேலோவா?"

"ஆர் சொன்னது நீங்க ஏலேலோ எண்டு?"

"அப்ப நீ நாளைக்கே அந்தக் குழுவில இருந்து விலகு."

"அது ஏலாது."

"புருசன் சொல்லுறன்!"

எமிலியா அகப்பையைக் கீழே வைத்தாள். "இஞ்ச பாருங்க. இருபத்திரண்டு வருசமா உங்கட பாட்டுக்கு நான் வாயைத்தான் அசைச்சுக்கொண்டு நிண்டேன். எட்டாத உயரத்தில எடுத்தா நான் என்ன செய்ய? இப்பதான் எனக்கும் ஒரு குரல் இருக்கெண்டு என்ர காதுக்கே தெரிஞ்சிருக்கு. அதை விடமாட்டேன்."

அன்ரனிப்பிள்ளைக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. ஆனால் கோபமாக இருக்கும்போது சுருக்கென்பதையெல்லாம் கவனித்தால் கோபம் ஆறிவிடும். ஆகவே அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார்.

கை கழுவும்போதுதான் அந்த அருமையான திட்டம் உதித்தது.

யூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள். ஊரின் திருநாள் மட்டுமல்ல, அன்ரனிப்பிள்ளையின் பெயர்கொண்ட திருநாளும் அதுதான். அதற்கு மூன்று கிழமைதான் இருந்தது. கோயிலுக்குள் அவ்வளவு சனம் கொள்ளாதென்று ஆராதனையைக் கோயில் முற்றத்தில்தான் வைப்பார்கள். சோதனைச் சாவடி தாண்டிப் போகிறவர்கள் இருட்டுக்கு முன் வீடுபோய்ச் சேர வேண்டும் என்பதால் பின்னேரம் மூன்று மணிக்கே வைப்பார்கள். அது சோளகக் காற்றுக் காலம். கடல் குமுறிக்கொண்டு கிடக்கும், கரைவலை கரையேறிவிடும், காற்று மனிதனை நிற்க விடாது. லவுட்ஸ்பீக்கர் இல்லாமல் அந்த முற்றத்தில் இருபத்தாறு பெண்கள் பாடினால் என்ன ஆகும்? பாட்டு களப்புக் கடலைத் தாண்டி அக்கரைத் தில்லையடிக்கு வேண்டுமானால் கேட்கும். திருநாளுக்கு வந்து முன்னால் நிற்கிறவனுக்குக் கேட்காது.

அப்போது சுவாமியார் ஓடிவருவார். சிஸ்டர் பின்னால் ஓடிவருவார். "அன்ரனி அண்ணை, நீங்க எடுத்துக் குடுங்க!" என்பார்கள். அன்ரனிப்பிள்ளை உடனே சம்மதிக்க மாட்டார். கொஞ்சம் கெஞ்ச விடுவார்.

லவுட்ஸ்பீக்கர் எப்படி இல்லாமல் போகும்? அதற்கும் வழி அவர் கையிலேயே இருந்தது. யுத்த காலத்தில் ஸ்பீக்கரைக் கட்டிப் பூட்டப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதற்கு சுவாமியார் தரும் கடிதத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவருவது பதினொரு வருடமாக அன்ரனிப்பிள்ளையின் பொறுப்பு. திங்கட்கிழமை காலை சுவாமியார் அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தார். அன்ரனிப்பிள்ளை பயபக்தியோடு வாங்கினார். நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். எமிலியா கிணற்றடியில் நின்ற நேரம், சுவரில் பலகையடித்து வைத்திருந்த அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கி, அதன் அடியில் கடிதத்தை நாலாக மடித்து வைத்துவிட்டு, ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்பது அவர் எண்ணம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்தச் சுரூபத்தை ஒரு நாளும் துடைத்ததில்லை. அதனால் யாருமே துடைப்பதில்லை என்று நினைத்துவிட்டார்.

சுவாமியார் கேட்டபோது, "காலம் அப்பிடி, சுவாமி. நானும் அலையிறன்தான்," என்று பெருமூச்சு விட்டார். அலைந்ததென்னவோ வீட்டிலிருந்து கடற்கரைக்கும், கடற்கரையிலிருந்து வீட்டுக்கும்தான்.

அடுத்த கிழமை மக்பூல் வந்தான். தில்லையடியிலிருந்து வான் வண்டி வைத்துக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் பூட்டுகிறவன்.

"அன்ரனி நானா, சாமானெல்லாம் ரெடி. பேமிட் எங்க?"

"இந்த முறை கிடைக்காது போல, மக்பூல்."

"யா அல்லாஹ்! போன வருசம் கிடைச்சிச்சே?"

"போன வருசம் வேற. இந்த வருசம் வேற."

"என்ன வேற?"

"வருசம்தான் வேற!"

மக்பூல் அவரை ஒருமாதிரிப் பார்த்தான். "சரி நானா. தொண்டை வரளுது. எமிலியா ராத்தாட்ட கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்," என்று குசினிப் பக்கம் போனான். ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தான். அந்த மனுசனுக்கு அவ்வளவு தாகமா என்று அன்ரனிப்பிள்ளை இரக்கப்பட்டார்.

இதற்கிடையில் வீட்டுக்குள் ஒரு புதுத் தொல்லை தொடங்கியது. எமிலியா வேலை செய்யும்போதெல்லாம் பாடினாள். அரிசி கழுவும்போது பாடினாள், மீன் செதில் உரசும்போது பாடினாள். ஒரே பாட்டு.

"காத்தடிக்குது கரையில, காவல் நீ அந்தோனியாரே..."

"எமிலி! காது வலிக்குது!"

"கயிறு அறாமப் பிடிச்சுக்கொள்ளும், கோடி அற்புதரே..."

"நிப்பாட்டு எண்டு சொல்லுறன்!"

அந்தக் கயிற்று வரியை மட்டும் ஏனோ இரண்டு தரம் பாடினாள். பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டும் அவருக்குக் கேட்டது. கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டார்.

இன்னொரு தொல்லை, அவருடைய கரைவலைக் கூட்டத்தைப் பின்னேரங்களில் காணவில்லை. கடல் இல்லாத காலத்தில் தோணி நிழலில் குந்தியிருந்து கதையளக்கிற ஆட்கள், நாலு மணியானால் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

"எங்கயடா போறாய்?" என்று சவிரிமுத்துவை மறித்தார்.

"வலை பொத்த, அண்ணை."

"ஊசி எங்க?"

"அங்க இருக்கு."

"நூல்?"

"அதுவும் அங்க இருக்கு."

"வலை இஞ்ச கிடக்கேடா!"

சவிரிமுத்து வலையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், ஓடிவிட்டான். அன்ரனிப்பிள்ளை பின்னால் போனார். கோயில் மதிலை நெருங்கியதும் கால் நின்றுவிட்டது. உள்ளே பெண்கள் ஒரு வரி பாட, இருபது ஆண் குரல்கள் ஒன்றாக எழும்பின.

"ஏலேலோ!"

அவருடைய ஏலேலோ! அவர் வளர்த்த ஏலேலோ! வீட்டுக்கு வந்து எமிலியாவின் முன்னால் குதித்தார்.

"களவு! பட்டப்பகல் களவு! என்ர ஆக்களைக் கொண்டுபோய் என்ன செய்யிறீங்க?"

"பாடுறம். காத்துக்குப் பொம்பிளையளின்ர குரல் மட்டும் காணாதெண்டு சிஸ்டர் கவலைப்பட்டா. இந்தக் காத்தைத் தாண்டிப் பாடுற இருபது பேர் தோணியடியில சும்மா குந்தி இருக்கினம் எண்டு நான்தான் சொன்னேன்."

"கரைவலைப் பாட்டைக் கோயிலுக்குள்ள ஏத்துறதா? அடுக்குமா?"

"இருபத்திரண்டு வருசமா நீங்க அதைத்தானே செய்தீங்க?"

பதில் வராத நேரத்தில் ஆண்கள் கேள்வி கேட்பார்கள். அன்ரனிப்பிள்ளையும் கேட்டார்.

"சரி, ஏலேலோ இருக்கு. அம்பா எடுக்கிறது ஆர்?"

"அது உங்களுக்கு எதுக்கு? நீங்க வாய்ப்பூட்டுப் போட்ட மனுசன்."

"சவிரிமுத்துவா? அவனுக்கு மூச்சுக் காணாது. பாதி வரியில இருமுவான்."

"நான் ஒண்டும் சொல்லேல்ல."

"பீற்றரா? அவன்ர குரல் தகரம்!"

"சாப்பிட வாங்க."

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. தனது இடத்தில் யார் நிற்கப்போகிறான்? ஒரே ஆறுதல், எமிலியா இல்லாத நேரம் அந்தோனியாரை மெல்லச் சரித்துப் பார்ப்பதுதான். நாலாக மடித்த தாள் அடியில் பத்திரமாக இருந்தது. எவன் அம்பா எடுத்தாலென்ன, ஸ்பீக்கர் இல்லாமல் நாறப்போகிறான்!

திருநாளும் வந்தது. சோளகம் சொல்லிவைத்தாற்போல் அடித்தது. முற்றத்தில் கட்டிய கொடிகள் சடசடவென்று துடித்தன. பக்கத்து ஊரான குறிஞ்சிப்பிட்டியிலிருந்தும் சனம் வந்திருந்தது. அன்ரனிப்பிள்ளை தென்னைகளை அண்ணாந்து பார்த்தார். எந்தத் தென்னையிலும் ஸ்பீக்கர் இல்லை. மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல், வேலியோரத்துப் பூவரசின் கீழ் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாயை இறுக மூடினார். எல்லோரும் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் இறுக மூடினார்.

செபம் முடிந்தது. அந்த ஒரு கணம் அமைதி வந்தது. பழக்கத்தில் நெஞ்சு விரிந்தது. பல்லைக் கடித்துச் சமாளித்தார். சிஸ்டர் பெட்டியில் விரல் வைத்தார். பெண்கள் தொடங்கினார்கள்.

"காத்தடிக்குது கரையில, காவல் நீ அந்தோனியாரே..."

காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இருபத்தாறு குரலும் ஒரே உயரத்தில் சேர்ந்து வந்ததால் அதற்கு ஒரு பாரம் இருந்தது. உடனே ஆண்கள்:

"ஏலேலோ!"

முற்றம் அதிர்ந்தது. சென்றியில் காவல் நின்ற இரண்டு சிப்பாய்களும் வேலியருகே வந்து நின்றார்கள். சிஸ்டர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

அடுத்த வரியை யாரும் எடுக்கவில்லை.

அன்ரனிப்பிள்ளை சவிரிமுத்துவைப் பார்த்தார். சவிரிமுத்து வானத்தைப் பார்த்தான். பீற்றர் தன் கால்விரலைப் பார்த்தான். ஒரு மூச்சு போனது. இரண்டாவது மூச்சும் போனது. ஐந்நூறு சனம் காத்து நின்றது. அன்ரனிப்பிள்ளையின் உள்ளங்கை அரித்தது. ஏலேலோ விழுந்துவிட்டது, கயிறு தொய்கிறது, வலை போகிறது, மீன் போகிறது! இழுக்கிறவர்கள் பதில் சொல்லிவிட்டுக் காத்து நிற்க, அம்பா எடுக்கிறவன் மரத்தடியில் கை கட்டிக்கொண்டு இருப்பதா?

அவர் எழும்பியது அவருக்கே தெரியாது.

"கயிறு அறாமப் பிடிச்சுக்கொள்ளும், கோடி அற்புதரே!"

வெடித்துத்தான் வந்தது. ஆனால் தவறாத உயரத்தில் வந்தது. நாற்பத்தாறு பேர் ஒரு சுருதியை அப்படிக் காதுக்குள் ஊற்றிவிட்ட பிறகு, வேறு சுருதி எடுக்க அவரிடமும் கட்டை இல்லை. "ஏலேலோ!" என்று அவருடைய ஆட்கள் அவர் வரியை ஏந்திக்கொண்டார்கள். பெண்கள் தொடர்ந்தார்கள். அவர் எடுத்தார். சரணம் வந்தது. வயதான பெண்கள் நிறுத்தவில்லை. குறிஞ்சிப்பிட்டிச் சனமும் சேர்ந்துகொண்டது. இருபத்திரண்டு வருடமாகப் பாட்டைத் தனியாக இழுத்துக் களைத்த மனுசனுக்கு அன்றுதான் மற்றக் கயிற்றிலும் ஆள் இருப்பது தெரிந்தது. அந்தச் சந்தோசம் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவ்வளவு குரலுக்குள்ளும் இடப்பக்கம் இரண்டாவது வரிசையில் ஒரு மெல்லிய குரலை அவர் காது கண்டுபிடித்தது. எமிலியா. இவ்வளவு நல்ல குரலா? கண் கலங்கியது. சோளகம் மணலை அள்ளிக்கொண்டு வருகிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் முறைப்பாடு செய்தார்.

வீட்டுக்கு நடந்துவரும்போது அவர் பழைய அன்ரனிப்பிள்ளையாகிவிட்டார்.

"பாத்தியா எமிலி? ஆள் ஒழுங்கு பண்ணத் தெரியாத சிஸ்டர்! நான் இல்லாட்டி நடுவில நிண்டு நாறியிருக்கும்."

"ஓம்."

"ஸ்பீக்கரும் இல்லை. நான்தான் காப்பாத்தினது."

"ஓம் ஓம்."

எமிலியா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. கடிதம்! ஓடிப்போய் அந்தோனியாரைத் தூக்கித் தாளை எடுத்து, கிழிப்பதற்கு முன் ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

சுவாமியாரின் கடிதம் அல்ல. எமிலியாவின் கையெழுத்து. மேலே மே 25, செவ்வாய் என்று திகதி. அதாவது அவர் ஒளித்து வைத்ததற்கு அடுத்த நாள். கீழே:

முதல் வரி - பொம்பிளையள்.
ஏலேலோ - கரைவலை ஆக்கள்.
பெட்டி நிக்கவேணும். ஒருத்தரும் பாடக்கூடாது.
மூண்டாவது வரி - இவர்.

"செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாரைத் துடைச்சு மெழுகுதிரி கொளுத்துறது ஆர் எண்டு நினைச்சீங்க?" வாசலில் எமிலியா தேத்தண்ணியோடு நின்றாள். "காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாற புனிதர் அவர். அவருக்கு அடியில போய் ஒளிக்க உங்களுக்குத்தான் வரும்."

"அப்ப... கடிதம்?"

"சிஸ்டரும் நானும் கொண்டுபோய் அந்தக் கிழமையே கையெழுத்து எடுத்தாச்சு. ஸ்பீக்கர் இண்டைக்குக் காலையில இருந்து கோயிலுக்குப் பின்னால மக்பூலின்ர வானுக்குள்ளதான் கிடந்தது."

அன்ரனிப்பிள்ளைக்குக் கோபம் திரும்பியும் வந்தது. பழையதிலும் பெரிதாக வந்தது.

"கையெழுத்தும் இருந்து, ஸ்பீக்கரும் இருந்து, பிறகேன் பூட்டேல்ல?"

எமிலியா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களையும் பாட விட்டு, ஸ்பீக்கரையும் பூட்டினா, ஊர் தாங்குமா?"